ஆட்சி மாறினாலும் நிற்காத வேலை

(காரைக்காலில் பொதுச் சுகாதாரம் பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டின் பொது மருத்துவத் துறையில் நீண்டகாலச் சீர்திருத்தத்தை எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இது டெல்லியில் பேச வேண்டிய விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரைக்காலில் பேசுவதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 மக்கள். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நம்மை ஆளும் புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று இன்னொரு மாநிலத்தைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். காவிரியின் கடைமடையும் நாம்தான். மேட்டூர் அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வரும். வாய்க்காலை ஒழுங்காகத் தூர் வாரினார்களா என்பது கடைமடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். மருத்துவத் துறையும் அப்படித்தான். இந்தத் துறையின் கடைமடையில் நின்று நான் பேசுகிறேன்.

2022 ஜூலை மாதத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனிப் பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருந்தது. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அரசு பொது மருத்துவமனையில் நூற்றுக்கணக்கானோர் வந்து படுத்தார்கள். பரிசோதனையில் சிலருக்குக் காலரா என்று உறுதியானது. ஜூலை 3ஆம் தேதி புதுச்சேரி சுகாதாரத் துறை, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். ஓட்டல்களில் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடும் தன் ஊர்களில் கண்காணிப்பைத் தீவிரமாக்கியது.

இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நகரத்தில் காலரா வருவது வெட்கப்பட வேண்டிய செய்தி. காலரா எப்படிப் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ 1854லேயே ஒரு தெருக் குழாயைக் காட்டி விளக்கிவிட்டார். அந்தக் கிருமி உடம்புக்குள் நஞ்சை உண்டாக்கித்தான் ஆளைக் கொல்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே கண்டுபிடித்தார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா சூறையாடியபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்து திலீப் மஹாலனாபிஸ் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். ஆக, நோய் வரும் வழியும் தெரியும், அடைக்கும் வழியும் தெரியும், வந்தால் பிழைக்க வைக்கவும் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் அது இந்த ஊருக்குள் நுழைந்தது. அறிவில் குறை இல்லை. நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையை, செய்யச் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் ஊரில் இருந்து செய்விக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்தது என்று அப்போது எல்லோரும் பேசினோம். அந்தக் குழாய் யாருடையது? பொதுப்பணித் துறையுடையது. பக்கத்தில் ஓடும் சாக்கடை நகராட்சியினுடையது. அதனால் வரும் நோய் மட்டும் சுகாதாரத் துறையின் தலையில். மூன்று துறைக்கும் தலைமை புதுச்சேரியில். தெருவில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று ஒரு தாய் சொன்னால், அந்தச் சொல் மூன்று அலுவலகம் ஏறி, 130 கிலோமீட்டர் போய், திரும்பி வர வேண்டும். கிருமி அத்தனை நாள் காத்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதற்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006இல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்தது. காலரா வந்த 2022இல் இந்த நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்துகள் எனப்படும் ஊரக மன்றங்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூட இல்லை. நம் வார்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஆள் இல்லாத ஊரில், தண்ணீருக்கு மட்டும் எங்கிருந்து ஆள் வருவார்? பொதுச் சுகாதாரத்தைப் பற்றிய கூட்டத்தில் தேர்தலைப் பற்றிப் பேசுகிறேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே விஷயம்தான்.

பக்கத்து நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நம் காரைக்கால் கடற்கரைக் குப்பங்களிலும் சாவு விழாத வீதி இல்லை. கிணறெல்லாம் உப்பு, தெருவெல்லாம் சேறு, முகாம்களில் கூட்டம் கூட்டமாக மக்கள். அடுத்து காலராவும் மஞ்சள் காமாலையும் வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு சுகாதார ஆய்வாளர்கள் இறங்கினார்கள். முகாமுக்கு முகாம் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கணக்கு தினமும் மேலே போனது. மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யார் யாருக்குக் கட்டளை இடுவது என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் அந்த ஏற்பாடு அன்று உருவானதல்ல.

அது 1922இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறை வைத்தபோது தொடங்கியது. மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு துறை, நோயே வராமல் பார்க்கும் ஆட்களுக்கு வேறொரு துறை. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுக்கு அது முன்னோடி. ஊராட்சியும் நகராட்சியும் நல்ல குடிநீர் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் கேட்க அதிகாரி உண்டு என்று எழுதி வைத்தார்கள். திருவிழாக்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் வந்து நளதீர்த்தத்தில் முங்கி எழும் திருநள்ளாறு அந்தச் சட்டத்துக்கு மிகத் தேவையான ஊர். ஆனால் அன்று அது பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தது. 1954 நவம்பர் 1இல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1973இல்தான் புதுச்சேரிக்கெனப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது சரி, அதைத் தினமும் நடத்தும் தனித்துறை மரபு கூடவே வரவில்லை. பிற மாநிலங்கள் பலவும் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கியபோது தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறையைத் தனியாகவே வைத்துக்கொண்டது. அந்த ஒரு முடிவின் பலனைத்தான் சுனாமிக்குப் பிந்தைய வாரங்களில் நாகைக் கடற்கரை அனுபவித்தது.

நீண்டகாலத் திட்டம் போடுவதில் நம் நாட்டுக்குக் குறைவே இல்லை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய 1943இல் அமைந்த போர் (Bhore) குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. அதன் தலைவர் சர் ஜோசப் போர், உறுப்பினர்களில் ஒருவர் நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். பத்து ஆண்டில் 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும், அதில் இரண்டு டாக்டர், நான்கு பொதுச் சுகாதார நர்ஸ், நான்கு மிட்வைஃப், இரண்டு சுகாதார ஆய்வாளர் என்று ஆள்கணக்கு வரைக்கும் எழுதினார்கள். அடுத்த முப்பது நாற்பது ஆண்டில் 10,000 முதல் 20,000 பேருக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் 75 படுக்கை என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கைக் காரைக்காலுக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சமாக வைத்தாலும் பத்து நிலையம், 750 படுக்கை. திருமலைராயன்பட்டினத்திலும் நெடுங்காட்டிலும் நிரவியிலும் கோட்டுச்சேரியிலும் பிரசவத்தோடு சின்ன அறுவைச் சிகிச்சையும் நடக்கும் மருத்துவமனை இருந்திருக்க வேண்டும். 1952இல் முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறந்தபோதே ஆளைக் குறைத்தார்கள், மக்கள்தொகையைக் கூட்டினார்கள். 1959இல் அதே முதலியார் தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள். புதிதாகத் திறப்பதை நிறுத்துங்கள், திறந்தவற்றை முதலில் பலப்படுத்துங்கள் என்று அந்தக் குழு சொன்னது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட அந்தப் பரிந்துரையை இன்று எடுத்து அப்படியே அச்சடித்தாலும் பழசாகத் தோன்றாது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். திறந்த பிறகு மூன்றாம் ஆண்டில் நர்ஸ் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

அப்படியானால் நம் நாட்டில் எதுவுமே நீடித்ததில்லையா? நீடித்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்றது புரியும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலையில் பதிவானது, 1995 ஜனவரியில் மருந்து விநியோகத்தைத் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளில் மருந்து கொள்முதல் ஊழலுக்குப் பேர் போனது. சில மருந்துகள் அளவுக்கு மேல் குவிந்து காலாவதியாகும், தினமும் தேவைப்படும் மாத்திரை இருக்காது, வெளியில் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஆர். பூர்ணலிங்கம் போன்ற அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து ஒரு முறையை அமைத்தார்கள். அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், கம்பெனிப் பெயர் இல்லாமல் மூலப்பெயரில் மட்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு. வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாதபடி சோதனை. தேறினால்தான் பணம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். இந்த ஆண்டு உங்களுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்தது பாஸ்புக்கில் கழியும். அட்டையிலேயே தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சு.

இதில் கவர்ச்சியான வேலை எதுவும் இல்லை. கிடங்குக் கணக்கும் பாஸ்புக்கும்தான். அ.தி.மு.க. ஆட்சியில் பிறந்த கழகம் 1996இல் தி.மு.க. வந்தபோது கலைக்கப்படவில்லை. 2001, 2006, 2011, 2021 என்று ஆட்சி மாறியபோதெல்லாம் தொடர்ந்தது. ஒருவர் கட்டியதை மற்றவர் இடிப்பது வழக்கமான தமிழ்நாட்டு அரசியலில் இதை நான் மிகப் பெரிய சாதனையாக மதிக்கிறேன். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியைப் பின்பற்றின. கழகம் ஏன் பிழைத்தது? நிறுவனத்துக்குத் தனிச் சட்டபூர்வ உருவம் இருந்தது. தினசரிக் கணக்கு வெளியே தெரிந்தது. பலன் கிராமத்து நோயாளியின் கையில் மாத்திரையாகச் சேர்ந்தது. கை வைத்தால் மக்கள் கேட்பார்கள் என்று எந்த ஆட்சிக்கும் தெரிந்திருந்தது.

பிரசவத்திலும் இதே கதைதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்கள் ஷிப்ட் முறையில் இருந்தால் ராத்திரியிலும் பிரசவம் பார்க்கலாம் என்று கண்டு அதைப் பரப்பினார்கள். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எந்த இடத்தில் தாமதம், வண்டி வரவில்லையா, ரத்தம் இல்லையா என்று உட்கார்ந்து விசாரிக்கும் முறையை வைத்தார்கள். யாரையும் தண்டிக்க அந்த விசாரணை இல்லை, அடுத்த தாய் அதே காரணத்தால் சாகக் கூடாது என்பதற்காக. 2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. அதே கணக்கில் கேரளத்தின் 19ஐப் பார்த்தால் இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. ஆனாலும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அதற்கு ஆன காலம் பதினேழு ஆண்டு. ஒரு முதலமைச்சரின் ஆட்சிக்காலத்துக்குள் அடங்குகிற கணக்கில்லை இது.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. 1926இல் இலங்கையின் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதர்கள். ஒவ்வொருவருக்கும் வரையறுத்த எல்லை, அந்த எல்லைக்குள் நடக்கும் பிறப்பும் சாவும் நோயும் அவர் பொறுப்பு. 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்த பேரிடருக்குப் பிறகும் அந்த அமைப்பை விடாமல் வளர்த்தார்கள். சுதந்திரம் வந்தது, கட்சிகள் மாறின, போர் வந்தது. போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்திய நாட்கள் உண்டு. 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1926க்கும் 2016க்கும் இடையில் தொண்ணூறு ஆண்டு. யாழ்ப்பாணத்து வீட்டுப் படலையைத் தட்டும் மருத்துவ மாதுக்கு அந்த வீட்டில் எத்தனை குழந்தை, எது எப்போது தடுப்பூசி போட்டது என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த அறிவுக்கு நிகரான இயந்திரம் எதுவும் இன்னும் வரவில்லை.

பணக்கார நாடு என்றால் தானாகவே சரியாக நடந்துவிடும் என்பதும் இல்லை. பிரிட்டன் 1948 ஜூலை 5இல் தன் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியது. எல்லோருக்கும் இலவசம் என்ற அந்த அடிப்படையை இன்றுவரை காப்பாற்றியது அவர்களுடைய பெருமை. ஆனால் 1974, 1990, 2012 என்று நிர்வாகத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள், 2012இல் செய்ததில் ஒரு பகுதியை 2022இல் இன்னொரு சட்டம் போட்டு மாற்றினார்கள். நிர்வாகப் படத்தைத் திருத்துவதைச் சீர்திருத்தம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

காரைக்காலுக்கு வருவோம். ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை இங்கே 2016இல் தொடங்கியது, அதன் புதிய வளாகம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த நிறுவனம் நம் ஊருக்கு வந்திருப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கே வந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சமூக மருத்துவப் பாடம் வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. கொம்யூனுக்கு ஓர் அணி என்று பிரித்துக்கொண்டு, படிக்கும் ஆண்டுகள் முழுவதும் அதே கிராமங்களுக்குப் போங்கள். நீங்கள் போன பிறகு அடுத்த வகுப்பு அதே வீடுகளுக்குப் போகட்டும். இருபது ஆண்டில் காரைக்காலின் ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் இந்த நாட்டில் வேறெங்கும் இல்லாத பதிவு இங்கே இருக்கும்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தால் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ எழுதிக் கொடுப்பது இந்த ஊரின் பழைய வேதனை. எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் நோயாளியின் பதிவு அறுந்துபோகிறது. நோய்க்கு எல்லைக் கல் தெரியாது. வாரந்தோறும் காரைக்காலும் நாகையும் மயிலாடுதுறையும் தங்கள் காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கணக்கைப் பகிர்ந்துகொள்ள நிரந்தர ஒப்பந்தம் வேண்டும். மருந்தையும் தமிழ்நாட்டுக் கழகத்தின் டெண்டர் விலையிலேயே வாங்கிக்கொள்ள இரண்டு அரசுகளும் பேசலாம். இரண்டு லட்சம் பேருக்குத் தனியாக வாங்கும் மருந்து மலிவாகக் கிடைக்காது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது அதிகாரம். குடிநீர்க் குழாய், சாக்கடை, சந்தை, ஓட்டல், திருவிழா இத்தனையின் சுகாதாரத்துக்கும் பொறுப்பேற்று, பொதுப்பணித் துறையும் நகராட்சியும் கேட்டு நடக்க வேண்டிய உத்தரவைப் போடும் ஒரு பொதுச் சுகாதார அலுவலர் காரைக்காலிலேயே உட்கார வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகிறவராக அவர் இருக்கக் கூடாது. அவரைக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். அதற்குத் தேர்தல் நடக்க வேண்டும்.

இந்தத் தேர்தலும் நியமனமும் எப்போது நடக்கும் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி இருக்க வேண்டும் என்பது நாட்டின் தர அளவு. அதைப் பார்க்கும் குளோராஸ்கோப் கையடக்கமான சின்னக் கருவி. தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும், பக்கத்தில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்வாள். மேல்நிலைத் தொட்டியில் எடுப்பது போதாது, குழாய் முடியும் கடைசி வீட்டில் எடுக்க வேண்டும். அந்த அளவைத் தேதி போட்டுத் தெரு முனையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் போய்க் கேளுங்கள். இந்த ஆட்சியிடமும் கேளுங்கள், அடுத்த ஆட்சியிடமும் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.